சாந்து பூசாத சுவர்

செப்டம்பர் 3, செவ்வாய்

துறைமுக அறக்கட்டளைத் தலைவர் அலெக் ஃபின்லே காலையில் வந்தார். இந்தப் போர்ட்லென்னனில் அலெக் ஃபின்லே என்ற பெயரில் நான்கு பேர் இருப்பதால் ஊர் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருக்கிறது. இவர் ‘பட்டன்’. இவருடைய தாத்தாவின் கோட்டில் ஒருநாளும் பட்டன் இருந்ததில்லையாம். எழுபத்திரண்டு வயது மனிதரை அப்படிக் கூப்பிட என் நாக்கு வளையாது. நான்கு பேர் திரும்பிப் பார்த்தாலும் மிஸ்டர் ஃபின்லே என்றுதான் கூப்பிடுகிறேன்.

துறைமுகத்துக்குள் அலை வராமல் தடுக்கும் துறைச்சுவருக்கு இந்த ஆண்டு முந்நூறு வயது. டிசம்பரில் விழா எடுத்து ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். வரலாற்றுப் பகுதியை நான் எழுத வேண்டுமாம்.

“ஊர்ல ஒழுங்கா இங்கிலீசு எழுதத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான், மிஸஸ் மோத்தா. நாங்க எழுதுனா எங்க பொஞ்சாதிமாருக்கே வெளங்காது.”

(அவர் பேசியதைத் தூத்துக்குடிப் பேச்சில் எழுதிவைக்கிறேன். கடற்கரை ஆங்கிலத்துக்குக் கடற்கரைத் தமிழ்தான் பொருந்தும். இலக்கணத் தமிழ் அவர் வாயில் ஒட்டாது.)

சம்மதித்தேன். இங்கே அறிவிப்புப் பலகைகளில் காற்புள்ளிகள் படும் பாட்டை ஐம்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். எங்கள் கான்வென்ட் மதர்கள் கண்டால் முட்டிக்கு முட்டி தட்டியிருப்பார்கள்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “சுவரு மேக்கால வயிறு தள்ளிக்கிட்டு நிக்கி. அபர்டீன்லருந்து ஒரு இன்ஜினியரம்மா பாக்க வராவ. எழுபத்தொன்பதுல மிஸ்டர் மோத்தா ரிப்பேர் பாத்தப்ப எழுதுன குறிப்பு ஏதும் உங்ககிட்ட கெடக்கா? அவுவ வேல பாத்த ஆபீசுல கேட்டா, பழைய காயிதம் ஒண்ணுமே இல்லங்கானுவ.”

இல்லை என்றேன். என் கணவர் தார்சிஸ் இறந்து பதினைந்து வருடமாகிறது. பழைய காகிதங்களைச் சேர்த்துவைக்கும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

வரலாற்றைத் தொடங்கினேன். எதையும் முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளிகிறது.

“1724-இல் இவ்வூரின் நிலக்கிழார் ஹெர்ரிங் மீன் ஏற்றுமதிக்காக இந்தச் சுவரைக் கட்டினார். நீளம் நானூற்றுப் பத்து அடி, வளைந்த முழங்கை போன்ற வடிவம். கற்களைப் படுக்கவைத்து அடுக்கவில்லை. அலமாரியில் புத்தகங்களை நெருக்குவதுபோல நிறுத்தி நெருக்கியிருக்கிறார்கள். படுத்திருக்கும் கல்லின் அடியில் அலை புகுந்தால் அதை எளிதில் கிளப்பிவிடும். நிற்கும் கல்லைக் கிளப்ப வேண்டுமானால் இரு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கும் கற்களோடு அலை மல்லுக்கட்ட வேண்டும். கற்களுக்கிடையே சாந்து கிடையாது, சுண்ணாம்புகூட இல்லை.”

பிரிஜித்தா தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். தார்சிஸின் தங்கை, வயது எழுபத்து நான்கு, மணமாகாதவள். ஆறு மாத விசாவில் ஆகஸ்டில் வந்தாள். வந்த நாளிலிருந்து என் அலமாரிகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

“ஹெர்ரிங்குன்னா என்னது மைனி?”

“நம்மூர்ச் சாளைக்குச் சொந்தம்.”

“அதுக்கா இம்மாம் பெரிய சுவரு? நம்மாளுவ சாளையத் தெருவுல கொட்டிப்போட்டு ஏலம் விட்டுருவாவ.”

1979 வரைக்கும் வந்தேன். அடுத்த வாக்கியம் அமையவில்லை. பேனாவை மூடிவைத்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

துணி உலரவில்லை. இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறதாம். ஜனவரிக்கு முன்னால் அறுவைக்கு நாள் இல்லை என்கிறார்கள்.

செப்டம்பர் 14, சனி

இன்ஜினியர் கர்ஸ்டி மன்ரோ வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கைகுலுக்கும்போது என் கண்களை நேராகப் பார்த்தாள். சரியான வளர்ப்பு.

என்னைச் சுவருக்கு அழைத்துப் போனாள். எப்போதும்போல அது வழுக்கியது. பழைய பகுதியில் ஓர் இடுக்கின்மேல் என் கையை வைத்தாள். அலை வந்து மோதியபோது உள்ளங்கையில் குளிர்ந்த காற்று பட்டது. அலை பின்வாங்கியபோது அதே இடுக்கில் தண்ணீர் வழிந்தது. பிறகு மேற்குப் பகுதிக்கு வந்தோம். அங்கே இடுக்குகளே இல்லை. எல்லாம் சிமெண்ட், வழவழவென்று, கோடு போட்டது போன்ற நேர்த்தி. அந்த நேர்த்தி யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“கட்டினவங்க வேணும்னுதான் சாந்து பூசாம விட்டிருக்காங்க, மிஸஸ் மோத்தா. தண்ணி உள்ள வரும், வெளிய போகும், சுவருக்கு வலிக்காது. இங்க வாசலை அடைச்சாச்சு. ஆனா அலை அடிவழியா இப்பவும் உள்ள போகுது. திரும்பி வர வழியில்லாம உள்ளேயிருந்து கல்லைத் தள்ளுது. கூடவே உள்ள இருக்கிற சின்னக் கல்லையெல்லாம் அரிச்சு எடுத்துட்டுப் போயிடுது. பின்னாடி எங்கெங்க பொந்து விழுந்திருக்குன்னு தெரியாம நான் சிமெண்டை வெட்ட முடியாது.”

சுவரின் அடிக்கல் வெளியே தெரிவது, இந்த ஆண்டு பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிக அதிகமாகப் பின்வாங்கும் பெருவற்றத்தில் மட்டும்தான். குளிர்காலக் கடல் வருவதற்குள் அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று. அதற்குள் வேலை முடியவில்லையென்றால் சுவர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்றாள். சுவர் போனால் அதன் பின்னால் உள்ள பதினோரு படகுகளும் கரையோர வீடுகளும் நேராகக் கடலைப் பார்த்து நிற்கும்.

“அந்தக் காலத்துல யாரா இருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பாங்க” என்றும் சொன்னாள்.

அது ஆறுதல். நான் ஆறுதல் கேட்கவில்லை. என் கணவர் கிண்டியில் முதல் வகுப்பில் தேறியவர் என்று அவளிடம் சொன்னேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தோம். தகரப்பெட்டியில் பாச்சை உருண்டை மாற்றினேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

வீடுகள் பகுதியை முடித்தேன். கரையோர வீடுகள் கடலுக்கு முகம் காட்டாமல் தோளைக் காட்டி நிற்கின்றன. புயல் வந்தால் சன்னலில்லாத பக்கச்சுவர் அதை வாங்கிக்கொள்ளும். அந்தச் சுவரின் உச்சி இருபுறமும் படிப்படியாக இறங்குகிறது. அதற்குக் காக்கைப்படி என்று பெயர். கூரையின் சிவப்பு ஓடுகள் ஹாலந்திலிருந்து வந்தவை. மீன் கொண்டுபோன கப்பல்கள் வெறுமையாகத் திரும்பினால் கவிழும் என்று அடிப்பாரமாக ஓடுகளை ஏற்றிவந்தார்கள்.

இதைப் படித்துக்காட்டியபோது பிரிஜித்தா, “நம்ம தோணிக்காரவ கொழும்புக்கு உப்பு ஏத்திப் போய்த் திரும்பையில என்னத்த ஏத்துனாவ மைனி?” என்று கேட்டாள்.

“எனக்கெப்படித் தெரியும்? எங்கப்பா தோணிக்குச் சொந்தக்காரர். பாரம் ஏற்றியவரில்லை.”

“ஆமா, நீங்க பாரம் ஏத்துன வம்சமில்ல.” சிரித்துக்கொண்டே கோப்பைகளைக் கழுவினாள். பிறகு, “அண்ணன் சட்டைப் பையில எப்பவும் பச்சை நோட்டு ஒண்ணு வச்சிருப்பாவளே. வேலையாளுவ தோளுக்கு மேல எட்டிப் பாக்கக் கூடாதுன்னு தமிழ்ல எழுதுவாவ. அதெல்லாம் என்னாச்சி?” என்றாள்.

எரித்துவிட்டோம் என்றேன்.

அவள் என் தேநீர்க் கோப்பையை மறுபடி தவறான கொக்கியில் மாட்டினாள்.

செப்டம்பர் 30, திங்கள்

1979-இன் அளவுகளை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி மிஸ்டர் ஃபின்லேயிடம் கொடுத்தேன். எந்தெந்த இடத்தில் குழாய் விட்டு எவ்வளவு சிமெண்ட் இறக்கினார் என்ற விவரம். பழைய உறை ஒன்றில் அகப்பட்டது என்றேன். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இரண்டு நாள் வேலை. நல்லவேளை, அந்தப் பக்கங்கள் மையில் இருந்தன.

“தங்கமான மனுசி நீங்க” என்றார். தாளை மடிக்காமல் கொண்டுபோகச் சொன்னேன்.

அக்டோபர் 11, வெள்ளி

பனிக்கட்டிக் கிடங்கைப் பற்றி எழுதினேன். துறைமுக வாயைப் பற்றியும் எழுதினேன். வாயின் இரு பக்கக் கல்லிலும் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் செதுக்கியிருக்கிறார்கள். புயல் நாளில் அந்தப் பள்ளங்களில் கனத்த மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி வாயை அடைத்துவிடுவார்கள். உள்ளே நிற்கும் படகுகள் ஆடாது. முந்நூறு வருடமாக அதே முறை. கட்டைகளை மட்டும் மாற்றுகிறார்கள்.

என் பாதியை நான் செய்துவிட்டேன். தாள் அவர்களிடம் இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

பெருவற்றம். கர்ஸ்டியின் ஆட்கள் என் தாளின்படி மேற்குப் பகுதியில் இரண்டு இடத்தில் திறந்தார்கள். இரண்டிலும் உறுதியான சிமெண்ட், பின்னால் பொந்தே இல்லை. நான்கு மணி நேரம் போயிற்று. தண்ணீர் ஏறிவிட்டது.

கர்ஸ்டி வாசலில் நின்றபடியே பேசினாள். பூட்ஸில் சேறு இருந்ததால் உள்ளே வர மறுத்தாள். “இது சிமெண்ட் போன இடம். எனக்கு வேணும்கறது அதுக்கப்புறம் சுவர் எங்க கெட்டுப்போச்சுங்கறது. அதை யாராவது எப்பவாவது பார்த்து எழுதியிருந்தா...”

யாரும் எழுதியதாக எனக்குத் தெரியாது என்றேன்.

பிரிஜித்தா படிக்கட்டில் நின்றாள். எவ்வளவு கேட்டாளோ.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையிலிருந்து வடகிழக்குக் காற்று. கட்டைகளை இறக்கி வாயை அடைத்தார்கள். பூசைக்குப் போக முடியவில்லை. பத்தரை மணிக்கு ஒரு சத்தம். லாரி ஒன்று கல்லைக் கொட்டியதென்று நினைத்தேன்.

சுவரின் பன்னிரண்டு அடி துறைமுகத்துக்குள் சரிந்துவிட்டது. மூன்றாவது ஏணிக்குப் பக்கத்தில்.

மிஸ்டர் ஃபின்லே அங்கேதான் நின்றிருந்தார். படகு ஒன்றுக்கு இன்னொரு கட்டுப் போட வேண்டுமென்று கயிறு எடுக்கக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். மாலையில் வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்தார்.

“கயிறோட திரும்புதேன், நான் நின்ன எடத்தையே காணோம். முந்நூறு வருசம் விழாம நின்னது எனக்கு வழிவிட்டுத்தான் விழணும்னு இருந்துருக்கு, பாருங்க. மரியாத தெரிஞ்ச சுவரு.”

பிரிஜித்தா அவர் தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. மூன்றாவது ஏணி.

அக்டோபர் 22, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

பச்சை நோட்டு தகரப்பெட்டியில், என் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்தது. முதல் பாதி 1979, மையில். இரண்டாம் பாதி 1986, பென்சிலில். பென்சில் எழுத்து என் கண்ணுக்கு இப்போது எட்டவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

86 கோடையில் அவர் ஒவ்வொரு பெருவற்றத்துக்கும் தனியாகப் போனார். சுத்தியலால் கல்லைத் தட்டி, சத்தம் எங்கே வெறுமையாகக் கேட்கிறது என்று அடி அடியாகக் குறித்தார். மூன்றாவது ஏணிப் பக்கமும் அதில் உண்டு. தன் வேலை சுவரைக் கொல்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். சிமெண்ட் பூசியது என் தவறு, அதை வெட்டி எடுக்க அனுமதி வேண்டும், ஊர் மேஸ்திரி எச்சரித்ததை நான் கேட்கவில்லை. இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

இந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அவருடைய ஆங்கிலக் கடிதங்களெல்லாம் என் கைவழியாகத்தான் போகும். அவர் வரைவு எழுதுவார், நான் திருத்திச் சுத்தப் பிரதி எடுப்பேன், அவர் கையெழுத்திடுவார், நான் தபாலில் சேர்ப்பேன். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான். கணக்கில் அவர் மேல், மொழியில் நான்.

அந்தக் கடிதத்தையும் பிரதி எடுத்தேன். அவர் கையெழுத்திட்டார். தொப்பியை மாட்டிக்கொண்டு தபால் நிலையம்வரை நடந்தேன். பெட்டிக்கு முன்னால் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் இங்கே வந்து பதினைந்து வருடமாகியிருந்தது. முதல் ஏழு வருடம் கடையில் என் பின்னால் நின்றவர்களுக்கு முதலில் சாமான் கொடுப்பார்கள். அவர் சுவரைச் சரிசெய்த பிறகுதான் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊர் விருந்தில் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். அந்த மதிப்பை ஒரு கடிதத்தால் நானே திருப்பிக் கொடுப்பதா என்று நினைத்தேன். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றும் நினைத்தேன்.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். வருடம் ஒன்றானதும் கேட்பதை விட்டுவிட்டார். பிறகு சுவர்ப்பக்கம் நடக்கப்போவதையும் விட்டுவிட்டார். இருபத்து மூன்று வருடம், இறக்கும்வரை.

கடிதம் நோட்டுக்குள் இருக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

கமிட்டிக் கூட்டம். துறைமுக அலுவலகத்தின் மாடி அறையில் பன்னிரண்டு பேர். கர்ஸ்டியும் வந்திருந்தாள். பிரிஜித்தா கேக் கொண்டுவந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த வாக்கியங்களை ஒரு முறைக்கு மேல் சொல்லும் தெம்பு எனக்கில்லை.

எழுந்து நின்று கடிதத்தைப் படித்தேன். தேதி, 1986 செப்டம்பர் 11. முடித்ததும், இதை என் கணவர் அனுப்பச் சொன்னார், நான் அனுப்பவில்லை, இந்த நோட்டு இருப்பதை உங்களிடம் நான் மறைத்தேன் என்றேன். உட்காரவில்லை. யாராவது எழுந்து வெளியே போவார்கள், அல்லது என்னைப் போகச் சொல்வார்கள் என்று நின்றேன். முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கணத்தை மனத்துக்குள் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மிஸ்டர் ஃபின்லே தொண்டையைச் செருமினார். “அந்தக் குழாய எந்தப் பக்கமிருந்து விட்டாவ, மிஸஸ் மோத்தா? கடல் பக்கமா, உள்பக்கமா?”

உள்பக்கம் என்றேன்.

“அப்படித்தான் நானும் நெனச்சேன்” என்றார் இன்னொரு ஃபின்லே. உடனே நான்கு பேர் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள், வற்றம் எத்தனை மணிக்கு, சாரம் யாரிடம் இருக்கிறது என்று. யாரோ எனக்கு நாற்காலியை நகர்த்தினார்கள்.

கர்ஸ்டி மட்டும் அருகில் வந்தாள். நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “எனக்கு இதுல எண் மட்டும்தான் புரியுது. சுவர்ல நின்னு வரிக்கு வரி படிச்சுச் சொல்ல ஆள் வேணும். உங்களால முடியுமா?” என்றாள்.

“பென்சில் எனக்குத் தெரியாது. கண்.”

இருவரும் பின்வரிசையைப் பார்த்தோம். பிரிஜித்தா அங்கே இல்லை. கேக் தட்டின் மேல் துணி மூடியபடியே இருந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

பிரிஜித்தா சமையலறையில் நின்றாள். விளக்கைப் போடவில்லை.

“அம்மா எறந்ததுக்கு எம்பத்தேழுல அண்ணன் ஊருக்கு வந்தாவல்ல. பந்தல்ல எம்பக்கத்துல உக்காந்து சொன்னாவ. ‘எழுதிப் போட்டேன் பிரிஜித்தா, ஒரு வரி பதில் இல்ல. என் தப்ப நானே ஒத்துக்கிட்டாக்கூட கேக்க ஆளில்ல’ன்னு. அழுதாவ மைனி. அம்மாவுக்கு அழுதாவன்னு ஊரு நெனச்சிச்சி.”

நான் விளக்கைப் போட்டேன்.

“அந்த ஆபீசுக்காரனத்தான் நான் இத்தன வருசமா ஏசிக்கிட்டிருந்தேன். பேரு தெரியாதவன. செபமாலை சொல்லயில கூட ஏசியிருக்கேன்.”

“பயந்துவிட்டேன், பிரிஜித்தா.”

“யாருக்கு? இந்த ஊருக்கா? நேத்து பாத்தீயளே. சாரம் யாருகிட்ட இருக்குன்னு கேக்கானுவ.”

“அன்றைக்கு ஊர் இப்படி இல்லை.”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா அண்ணன் கடிதம் மைனி அது. அது நல்லதோ கெட்டதோ, அவுவளுது.”

நான் அப்போது சொன்னது, கூட்டத்திலிருந்து திரும்பி வந்த கேக்கை மூடாமல் விட்டால் காய்ந்துவிடும் என்பது. என்னிடமிருந்து அதுதான் வந்தது. எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

பிரிஜித்தா பேசவில்லை. விமானச் சீட்டை முன்தேதிக்கு மாற்ற முடியுமா என்று கடைக்காரப் பெண்ணிடம் விசாரித்திருக்கிறாள்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். தனித்தனியாகப் போனோம். நான் போனபோது அவர் கல்லின்மேல் ஏற்கெனவே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. என்னுடையது காற்றில் மூன்று முறை அணைந்தது.

நவம்பர் 7, வியாழன்

பாத்திரச் சத்தம் மட்டும். என் கோப்பை சரியான கொக்கியில் தொங்குகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

1979 வாக்கியம் அமைந்துவிட்டது. “அவ்வாண்டுப் புயலில் உடைந்த பகுதி சிமெண்டால் அடைக்கப்பட்டது. அது தவறு. அதைச் செய்த பொறியாளர் தார்சிஸ் மோத்தா 1986-இல் தவறைக் கண்டறிந்து எழுதினார். கடிதத்தை அவர் மனைவி அனுப்பவில்லை.”

மிஸ்டர் ஃபின்லே படித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தார். “இது வேணுமா, மிஸஸ் மோத்தா? விழாப் புத்தகம். பிள்ளைய படிக்கும்.”

“உண்மையில் ஏதாவது பிழையிருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்.”

“பிழையில்ல.”

“அப்படியானால் இருக்கட்டும்.”

போகும்போது, பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை வற்றம் எட்டே முக்காலுக்கு என்றார். நோட்டைப் படிக்க ஆள் கிடைக்கவில்லையென்றால் கர்ஸ்டி வேலையை நிறுத்திவிடுவாளாம். குருட்டாம்போக்கில் வெட்ட மாட்டாள். கிளாஸ்கோவில் தமிழ் படிக்கத் தெரிந்த யாரையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாகரிகம் தெரிந்தவர்.

நவம்பர் 14, வியாழன்

கிளாஸ்கோ ஆள் வரவில்லை. அச்செழுத்துத் தமிழ்தான் படிப்பாராம்.

பிரிஜித்தாவின் அறைக்கதவைத் தட்டினேன். இந்த வீட்டில் நான் யார் கதவையும் தட்டியதில்லை. நோட்டைக் கட்டில்மேல் வைத்தேன். “உன் அண்ணன் எழுத்து. எனக்காகக் கேட்கவில்லை” என்று மட்டும் சொன்னேன்.

கதவு மூடிக்கொண்டது.

நவம்பர் 18, திங்கள்

ஏழரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே வந்தபோது பிரிஜித்தா வாசலில் நின்றாள். தலையில் கம்பளிக் குல்லாய், அதன் மேல் முக்காடு, கையில் பச்சை நோட்டு. என்னைப் பார்க்காமல் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

கடல் நான் பார்த்திராத அளவுக்குப் பின்வாங்கியிருந்தது. சுவரின் அடிவரிசைக் கற்கள் கறுப்பாக, பாசி தொங்கி நின்றன. சரிந்த பன்னிரண்டு அடியைக் கம்பி வேலி போட்டு மறைத்திருந்தார்கள். கர்ஸ்டி இடுப்பில் கயிறு கட்டி, மஞ்சள் சாயப் புட்டியோடு கீழே இறங்கியிருந்தாள். பின்னால் ஆறு ஆட்கள். மிஸ்டர் ஃபின்லே அளவு நாடாவின் ஒரு நுனியைப் படிக்கட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு பேரும் விழுந்துராதீய. எடுக்க ஆளில்ல” என்று கத்தினார்.

பிரிஜித்தா நோட்டை முகத்துக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். அக்டோபர் 25-க்குப் பிறகு அவள் குரலை நான் கேட்பது அதுதான் முதல் முறை. ஆனால் சொற்கள் அவருடையவை.

“படிக்கட்டிலிருந்து மேற்கே பதினேழு அடி. கீழிருந்து மூன்றாவது கல். வெறுமைச் சத்தம்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நாடா ஓடியது. கர்ஸ்டி அந்தக் கல்லில் மஞ்சள் பெருக்கல் குறி போட்டாள்.

“இருபத்து நான்கு அடி. இரண்டு கல்லுக்கு உறுதி. தொட வேண்டாம்.”

சொன்னேன்.

“முப்பத்தொன்று. முழங்கை நுழையும் பொந்து.”

சொன்னேன். கீழே ஓர் ஆள் உளியை வைத்து அடித்தான். சிமெண்ட் பெயர்ந்ததும் உள்ளே அடைபட்டிருந்த தண்ணீர் துருநிறத்தில் பீறிட்டு அவன் மார்மேல் அடித்தது. அவன் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எல்லோரும் சிரித்தார்கள். பிரிஜித்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

மீண்டும் நோட்டுக்குள் குனிந்தாள். காற்றில் பக்கம் படபடத்தது, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

“முப்பத்தெட்டு அடி. மேஸ்திரி வேண்டாம் என்று சொன்ன இடம் இதுதான். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை.”

கீழே கர்ஸ்டி முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள்.

இதை விட்டுவிட்டு அடியை மட்டும் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வேண்டியது அடி மட்டும்தான். ஒவ்வொரு சொல்லாக, அவர் எழுதியிருந்த வரிசையிலேயே, காற்றுக்கு மேல் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். எதையும் திருத்தவில்லை.

கர்ஸ்டி தலையசைத்துக் குறி போட்டாள். “அடுத்தது?” என்றாள்.

நான் பிரிஜித்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கல் வழுக்கியது. அவள் கையை உதறவில்லை, பக்கத்தைப் புரட்டினாள்.